உன் புது வீட்டில் நான் மூட்டிய அடுப்பு

மாரமங்கலம்
மாசி மாதம், 1987

என் சாமி சித்தனுக்கு உன் அம்மா மாதம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் பெண்சாதி ராசாத்தியும் பாப்பாவும் சேர்வராயன் புண்ணியத்தில் உண்டு உறங்கி இருக்கிறோம். நாக்பூர் பக்கத்து வெயிலும் தண்ணியும் உன் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா என்று தெரிந்தால்தான் நான் தின்கிற சோறு என் உடம்பில் ஒட்டும். போர் போடுகிற லாரியில் மிஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறபோது காதில் பஞ்சு வைத்துக்கொள், உன் அப்பாவுக்கும் இந்த வயதில் காது நன்றாகத்தான் இருந்தது, அப்புறம்தான் போனது. வெள்ளை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மிளகு நன்றாகப் பிடித்திருக்கிறது, பலாவில் பிஞ்சு இறங்கியிருக்கிறது, குரங்குதான் தொந்தரவு. என் எழுத்து மூன்றாங்கிளாஸ் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும், நிதானமாகப் படி. வேறு யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே, உன்னோடு வேலை செய்கிற கந்தசாமியிடம் கட்டாயம் கொடுக்காதே.

உன் கடிதத்தை ஏற்காட்டு மிளகுக் கடைக்காரர் நூர் முகமது ஜீப்பில் மிளகு ஏற்ற வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். ராசாத்தி குழந்தையின் கையை ஒடித்துவிட்டாளாமே, அவளை உடனே அவள் அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிடு, இனி அவள் முகத்தில் விழிக்க மாட்டேன், பாப்பாவை நீயே வளர்த்துக்கொள் என்று எழுதியிருக்கிறாய். கந்தசாமி ஊருக்கு லீவில் வந்து திரும்பிப் போய் உன் காதில் போட்டிருக்கிறான் என்று தெரிந்துகொண்டேன். அவன் சொன்னது பொய்யில்லை. ஒடித்தது அவள்தான். ஆனால் அவன் டீக்கடையில் கேட்டதைச் சொன்னான், நான் அங்கேயே இருந்தவள். அவன் வம்சமே அப்படி. அவன் பாட்டி என் கல்யாணத்தன்று பந்தியில் உட்கார்ந்துகொண்டு, பொண்ணு காதுல கெடக்கறது எரவல் தோடு என்று சொன்னவள். அது இரவல் இல்லை, என் அம்மா போட்டது. அவள் செத்த சாவுக்கு நான் போகவில்லை, இன்னும் எனக்கு அது வருத்தமில்லை. அதனால் நான் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் நீ முடிவு செய்.

காபிப் பழம் எடுக்கிற காலத்தில் இங்கே எப்படி என்று உனக்குத் தெரியாதது இல்லை. வெயில் ஏறுவதற்கு முன்னே பெண்டுகள் எல்லாம் எஸ்டேட்டில் இருக்க வேண்டும், பொழுது சாய்ந்து பழத்தை எடை போட்டுவிட்டுத்தான் திரும்ப முடியும். நானும் போகிறேன், அவளும் போகிறாள். ஊருக்குள் மாரியம்மன் கோயிலை ஒட்டிப் பால்வாடி ஒன்று இருக்கிறதே என்று நீ கேட்பாய். அதன் சாவி ஊர்க்கவுண்டர் மாதையன் இடுப்பில் இருக்கிறது. கோயிலில் பூசை முடிந்த பிறகுதான் அவர் திறந்துவிடுவார். டீச்சர் மரியசெல்வி ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து சேரும்போது நாங்கள் பாதிக் கூடை எடுத்திருப்போம். மத்தியானச் சோறு போட்டதும் பூட்டிவிடுவார்கள். கோயில் எல்லைக்குள் இருக்கிறதால் எஸ்டேட்டுக்குள்ளேயே குடியிருக்கிற கூலிக்காரர்களின் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே வர உத்தரவு இல்லை. அதனால் ஊர்ப் பிள்ளைகளோ லைன் பிள்ளைகளோ, நடை தெரிந்து பயம் தெரியாத வயதில் இருக்கிற குழந்தைகளைத் தாய்மார்கள் கூடவே தூக்கிப்போய், இடுப்பில் பழைய சேலையைச் சுற்றி நிழல் மரத்தில் கட்டிவிட்டுப் பழம் எடுக்கிறார்கள். அவிழ்த்துவிட்டால் பள்ளத்துக்கு ஓடும், கட்டிவைத்தால் ஓரிடத்தில் கிடக்கும். அது இங்கே ஒரு தப்பாக யார் கண்ணுக்கும் பட்டதில்லை.

அன்றைக்கு என்னை மேட்டுப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். ராசாத்தி கீழ்ச் சரிவில் நின்றாள். பாப்பாவைக் கட்டிய சில்வர் ஓக் மரத்தில் முசுறு எறும்புக் கூடு இருந்தது அவளுக்குத் தெரியவில்லை. எறும்பு ஏறிக் கடித்ததும் குழந்தை வீரிட்டிருக்கிறது. இவள் ஓடிப்போய்த் தட்டிவிட்டுப் பக்கத்து மரத்தில் கட்டினாள். முதல்நாளே காய்ச்சல் கண்ட குழந்தை, மறுபடியும் அழுதது. மறுபடியும் ஓடினாள். மேஸ்திரி மூக்கன் வரிசை முழுக்கக் கேட்கும்படி, ஏம்மா ராசாத்தி, நீ பழம் எடுக்க வந்தியா தாலாட்டுப் பாட வந்தியா, இன்னொருக்கா எறங்குனீன்னா கூடைய வெச்சுட்டு ஊட்டுக்குப் போயிரு என்றிருக்கிறான். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். மூன்றாந்தரம் அழுகை கேட்டபோது இவள் இறங்கிப்போய், கட்டை அவிழ்த்த கையோடு குழந்தையை ஒற்றைக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கி உதறி, முதுகில் நாலு போட்டிருக்கிறாள். கை அப்போதுதான் போயிருக்கிறது. நான் சத்தம் கேட்டு வந்தபோது வேரில் தடுக்கி விழுந்துவிட்டது என்று சொன்னாள். குழந்தை அழுதுகொண்டே என்னிடம் தாவியது, பெற்றவளைப் பார்க்கவேயில்லை. அதற்கு மேல் எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நூர் முகமது எஸ்டேட் வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். என்ன ஏது என்று கேட்காமல் இறக்கினது போதும் என்று எங்களை ஏற்றிக்கொண்டார். அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது, உன் அப்பா செத்த வருசம் மிளகில் ஈரம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர், ஆனால் அன்று செய்ததைச் செய்தார் என்று சொல்லத்தான் வேண்டும். வளைவில் ஜீப் திரும்பும்போது குழந்தை முனகியது. ராசாத்தி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அத்தே, வேர்ல உழுந்துச்சுன்னது பொய்யிங்க, நாந்தான் இழுத்தனுங்க, நாந்தான் ஒடிச்சனுங்க என்றாள். நூர் முகமது திரும்பிப் பார்க்காமலே, மொதல்ல கட்டுப் போடட்டும் தாயி, மத்ததெல்லாம் அப்பறம் என்றார். ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும் அவளே சொன்னாள். அது ஒரு சின்னப் பெண், கண்ணாடி போட்டது. மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்து, காபி சீசன்ல இப்படிக் கையும் காலும் நெறைய வருதுங்க பாட்டி, எல்லாருமே விழுந்துச்சுன்னுதான் சொல்றாங்க, உள்ளதச் சொன்னவங்க இவங்க ஒருத்தர்தான், பகல்ல புள்ளைங்கள வெச்சுப் பாத்துக்க ஆள் இருக்கற ஊர்லேருந்து இந்தக் கேஸ் அவ்வளவா வர்றதில்ல என்றது. அந்தச் சொல் என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. கட்டுப் பிரித்தாயிற்று, கை கூடிவிட்டது, கோணல் இல்லை. நீ அதற்காகக் கலங்காதே.

மறுநாள் உன் மாமனார் ஐயாக்கண்ணு வந்தார். யாரும் சொல்லி அனுப்பவில்லை, சேதி அடிவாரம் வரை போயிருக்கிறது. வந்தவர் குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. ஊர்க்கவுண்டரும் அக்கம்பக்கமும் வாசலில் கூடி நிற்கையில், நாங்க அடிக்காத அடியா, இப்படியா வளத்தோம் என்று சொல்லிக்கொண்டே குடையின் பிடியால் ராசாத்தியின் தோளில் ஒன்று வைத்தார். தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறாராம். அடி விழுவதற்கு முன்னாலேயே அவள் தலை தோளுக்குள் இறங்கிவிட்டது, கையைக் கூடத் தூக்கித் தடுக்கவில்லை. என் மடியில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த பாப்பா அந்தக் குடையைப் பார்த்ததும் அச்சாக அதே மாதிரி தலையை இறக்கிக்கொண்டது. இரண்டு தலையையும் நான் ஒரே சமயத்தில் பார்த்தேன். சாமி, அதைப் பார்த்த பிறகு எந்த வீட்டுக்கு அவளை அனுப்பச் சொல்கிறாய். அந்தப் பெண் எங்கே அடி படித்ததோ அங்கேயே திருப்பி அனுப்பினால் அவள் வேறென்ன படித்துக்கொண்டு வருவாள். நான் எழுந்து, ஏனுங்க சம்பந்தி, எங்கூட்டு வாசல்ல வந்து கை நீட்டறதுக்கு உங்களுக்கு ஆரு உத்தரவு குடுத்தாங்க, மோரு குடிச்சுட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் பொறப்படுங்க என்றேன். அவர் மோர் குடிக்கவில்லை. உங்கள் கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளையைப் பெற்றவளான எனக்குக் கிழிந்த பாயைப் போட்டவர் அவர். அந்தப் பாயையும் நான் மறக்கவில்லை, இந்தக் குடையையும் மறக்க மாட்டேன். அது எனக்கும் அவருக்கும். அதற்கும் ராசாத்திக்கும் சம்பந்தமில்லை.

அவளையும் நான் சும்மா விட்டுவிட்டதாக நினைக்காதே. எல்லோரும் போன பிறகு, ஏ புள்ள, நீ செஞ்சத நான் மன்னிச்சுட்டன்னு நெனைக்காத, எனக்கு ஒண்ணும் மறக்காதுன்னு உனக்கே தெரியும், ஆனா உன்ன எங்கேயும் அனுப்ப மாட்டேன் என்றேன். அவள், அனுப்பிட்டாக்கூடப் பரவால்லீங்க அத்தே, எனக்கு என் கையப் பாத்தாலே பயமா இருக்குது, மறுபடியும் அந்தச் சரிவுல கட்டிப்போட்டு மறுபடியும் அது அழுதா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியலீங்க என்றாள். அவள் கேட்டதுதான் கேள்வி. கட்டிப்போடாமல் வேறு என்ன செய்வது.

அதற்காக நான் மரியசெல்வி டீச்சரைப் பார்க்கப் போனேன். அவளோடு நான் இரண்டு வருசமாகப் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை, ஊர்ப் பெண்டுகள் முன்னால் என் சேலையில் சாணி நாற்றம் என்று மூக்கைப் பொத்தியவள். இருந்தாலும் போனேன். பொம்பளைங்க வேலைக்குப் போற நேரத்துக்குத் தொறந்து, வர்ற நேரத்துக்கு மூடுனா என்ன என்றேன். அவள், நான் என்னங்க பண்றது, சாவி எங்கிட்ட இல்ல, பஸ்ஸும் எங்கிட்ட இல்ல, லைன் புள்ளைங்கள உள்ள விட்டா கவுண்டர் என்னையும் சேத்து வெளிய அனுப்பிருவாரு, பால்வாடி ஆபீஸ் அம்மா போன மாசமே சொன்னாங்க, கோயிலுக்கு வெளிய ரோட்டோரமா கூரை போட்ட எடம் ஒண்ணு இருந்தா இன்னொரு பால்வாடி வெக்கலாம், ரெண்டு பக்கத்துப் புள்ளைங்களையும் சேக்கலாம், காலைல தொறந்து பாத்துக்க உள்ளூர்ல ஆள் இருந்தா போதும்னு, எடந்தான் ஆரும் குடுக்கல என்றாள். நான் திரும்பி நடந்து வரும்போது வழியில் உன் புது வீடு நின்றது. ரோட்டோரம், எஸ்டேட் வாசலுக்கு எதிரே, கல் சுவர் வைத்து ஓடு போட்டு, நீ சித்திரையில் வந்து குடிபுகுவதற்காகப் பூட்டிக் கிடந்தது. அடுத்த வாரம் அதைத் திறந்துவிட்டேன்.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். நம் வழக்கம் எனக்குத் தெரியாதது இல்லை. புது வீட்டில் முதல் அடுப்பை வீட்டுக்காரனும் வீட்டுக்காரியும் சேர்ந்து மூட்ட வேண்டும், தாய்மாமன் கொண்டுவருகிற பால் பொங்க வேண்டும், பங்காளிகள் சாப்பிட்ட பிறகுதான் அயலார் அங்கே கை நனைக்க வேண்டும். உன் வீட்டில் அடுப்பை நான் ஒருத்தி மூட்டினேன், தாலியில்லாதவள். பால் பொங்கவில்லை, ராகிக் கூழ்தான் காய்ந்தது. முதலில் குடித்தவை லைன் வீட்டுப் பிள்ளைகள், மூக்கன் மகன்தான் முதல் ஆள். ஆமாம், அந்த மேஸ்திரி மூக்கனேதான். அவன் பெண்சாதியும் மரத்தில் கட்டிவிட்டுத்தான் பழம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் மகனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலிலேயே நின்றான். உள்ள வாடா, ஆளப் பாத்தா மட்டும் ஆறடி இருக்குது, பயமா என்றேன். இல்லீங்க ஆயா, செருப்பை எங்க விடறது என்றான். அன்று வந்த தாய்மார்களில் பாதிப் பேர் வேலைக்குப் போகாமல் வேலி ஓரத்தில் நின்று, நாங்கள் பிள்ளைகளை என்ன செய்கிறோம் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் போனார்கள்.

ஆபீஸ் அம்மா உத்தரவு கொடுத்துவிட்டதால் இப்போது மரியசெல்வி அங்கேயே பின்கட்டு அறையில் தங்கிக்கொள்கிறாள், சனிக்கிழமைதான் ஏற்காட்டுக்குப் போகிறாள். நான் பழம் எடுப்பதை விட்டுவிட்டேன், வெயில் வருவதற்குள் திறந்து கூழ் காய்ச்சுகிறேன், லைனிலிருந்து ஒரு பெண்ணும் கூட இருக்கிறாள். மத்தியானம் ஆபீஸிலிருந்து வருகிற அரிசியும் பருப்பும். கைக்குழந்தைக்காரிகள் மத்தியானம் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று மூக்கனே விடுகிறான், சிரிக்கிறதையும் நிறுத்திவிட்டான். சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிற தாய்மார்களை டீச்சர் கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பேசுகிறாள். கோபம் வந்தா புள்ளைய கீழ வெச்சுட்டு வெளிய வந்து மூஞ்சியக் கழுவுங்க, அழுவற புள்ள அழுவட்டும், அழுது எந்தப் புள்ளைக்கும் கை ஒடியாது என்றாள் ஒரு நாள். ராசாத்தி அன்று எல்லோருக்கும் முன்னால் எழுந்து, நான் ஒடிச்சவங்க, நான் சொல்றேன், கழுவுங்க என்றாள். அதற்கப்புறம் இரண்டு பேர் அவளைத் தனியாகக் கூட்டிப்போய் என்னவோ அழுதார்கள். என்னவென்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தால் மறக்காது, அதனால் கேட்கவில்லை.

கவுண்டர் கூட்டம் போட்டார். வழக்கத்தை மீறி வீட்டைத் தீட்டாக்கிவிட்டேனாம், வருகிற சித்திரைப் பண்டிகையில் நம் வீட்டுக்கு வெற்றிலை பாக்குக் கிடையாதாம். மாதம்மா, மூணாங்கிளாஸ் படிச்சதுக்கே இத்தன திமிரா, பத்து படிச்சிருந்தா இந்த மலையவே வித்திருப்ப என்றார். வித்திருந்தாலும் வாங்கறதுக்கு உங்கூட்டுல எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆளு வேணுமேங்க என்றேன். கூட்டத்தில் சிரிப்பு வந்ததில் அவருக்கு மேலும் ஆத்திரம். ஆனால் அவர் மருமகளும் எஸ்டேட்டுக்குத்தான் போகிறாள். காலையில் பேத்தியை வேலிச் சந்து வழியாக உள்ளே அனுப்பிவிட்டுப் போகிறாள். கவுண்டர் அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் திரும்பி மூக்குப்பொடி போட்டுக்கொள்கிறார். கடைசியாக அவர் சொன்னதுதான் உனக்கு முக்கியம். வீடு சித்தனுடையது, சித்தன் சம்மதம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் பூட்டிச் சாவியை நான் வாங்கிக்கொள்வேன், அவன் சம்மதம் என்றால் ஊர் அவனோடு பேசிக்கொள்ளும் என்றிருக்கிறார். உனக்கு யாரையாவது வைத்து எழுதுவார், உன் பெண்சாதியைப் பற்றியும் சேர்த்து எழுதுவார்.

ஆகையால் உன்னிடம் இரண்டு கேட்கிறேன். வீட்டைப் பற்றிச் சம்மதம் என்று எழுது. அடுப்பு மூட்டிய தோசம் இருந்தால் அது என் தலைக்கு, உனக்கு வராது, சேர்வராயனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். உனக்கு வேறு வீடு கட்டலாம், கல் இருக்கிறது, கை இருக்கிறது. பூட்டினால் அத்தனை பிள்ளைகளும் மறுபடியும் மரத்துக்குத்தான் போகும், அடுத்த கை யாருடையது என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது, ராசாத்தியை அனுப்பு என்று இன்னொரு முறை எழுதாதே. எழுதினாலும் நான் அனுப்ப மாட்டேன். நீ அவளை அடித்ததில்லை என்று எனக்குத் தெரியும், உன் அப்பாவும் அந்த ஒன்றை மட்டும் செய்ததில்லை. அடிக்காத வீடு ஒன்று இருக்கிறது என்று அவளுக்குத் தெரிவதற்கே இத்தனை வருசம் ஆகியிருக்கிறது, இப்போது போய்க் கதவைச் சாத்தாதே. உனக்குக் கோபம் இருந்தால் என் பேருக்கு எழுது, எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுது, நான் படித்துக்கொள்கிறேன். அவளுக்குத் தனியாக ஒரு கார்டு போடு, உடம்பு எப்படி என்று மட்டும் கேள். நீ என்ன எழுதியிருந்தாய் என்று அவள் என்னைக் கேட்கவில்லை, வர்றாருங்களா என்று மட்டும் கேட்டாள்.

சித்திரையில் பண்டிகைக்குக் கட்டாயம் வா. வரும்போது ஒன்று செய்யாதே. பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆசையில் ஓடிவந்து பாப்பாவைக் கையைப் பிடித்துத் தூக்கிவிடாதே. பெற்றவள் கிட்டே அது இப்போதுதான் போக ஆரம்பித்திருக்கிறது, அதுவும் அவள் உட்கார்ந்திருந்தால்தான். நீ பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்த வீட்டு வாசற்படியில் பிள்ளைகளோடு உட்கார். கையை மடியில் வைத்துக்கொள். கூப்பிடாதே. எவ்வளவு நேரம் ஆனாலும் அதுவாக வரட்டும்.

சேர்வராயனும் காவேரித் தாயும் உன்னை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும், நீ நிற்கிற இடத்தில் தண்ணீர் பொங்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, காதுக்குப் பஞ்சு வை. கவுண்டர் கடிதம் வருவதற்குள் உன் பதில் எனக்கு வந்துவிட வேண்டும், தபாலை நூர் முகமது கடைக்கே போடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
மாதம்மாள்